ஒரு செரி, இரண்டு ஆட்டம்

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காதர் கடையில் ஒரு கோல் விழுந்தது. நான் பார்க்கவில்லை. கை கழுவப் போயிருந்தேன்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவள் நான். நீலச் சட்டை முதலிலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. சிவப்புச் சட்டை பந்தைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. சரி, இன்றைக்கு இவ்வளவுதான், ரொட்டிக் குழம்பு கையில் காய்கிறதே என்று எழுந்துபோய்க் குழாயைத் திறந்தேன் — கடை முழுக்க ஒரே கூச்சல். கோலும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே சாதி. நாம் சேலை கட்டிக் காத்திருக்கும்போது வரமாட்டார்கள்.

போகட்டும். கோலைப் பற்றி எழுத நான் வரவில்லை. அது விழுந்த நேரத்தில் ஒரு மனுஷன் வாயிலிருந்து விழுந்த ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அதற்கு முன்னால் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் படிக்கிறவர்களும் இருப்பார்கள் அல்லவா?

நான் காற்பந்துக் கட்சி. எஸ்டேட்டை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்த புதிதில் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் திட்டுவதற்கு ஆள் இல்லை. டிவியைப் போட்டேன்... ரெஃப்ரி கிடைத்தான். அன்றிலிருந்து பார்க்கிறேன்.

என் படிப்பு மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. சட்டை முதுகில் இருக்கும் இங்கிலீஷ் பெயரெல்லாம் எனக்கு ஓடாது. அதனால் நானே பெயர் வைத்துக்கொள்வேன். சிவப்புச் சட்டையில் கொண்டைக்காரன். நீலச் சட்டையில் அழுகுணி. அழுகுணி யார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காற்றுப் பட்டாலும் விழுவானே, விழுந்து உருளுவானே, விசில் ஊதாவிட்டால் சட்டென்று எழுந்து ஓடுவானே — அவன்தான். அட்டை கடித்து ரத்தம் ஒழுகும் காலோடு நாங்கள் ரப்பர் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டினோம். ஒருத்தியாவது உருண்டிருப்போமா? உருண்டால் வேலை வாங்கும் தண்டல் வந்து மஞ்சள் கார்டா காட்டியிருப்பார்?

இந்த வாரச் செய்தி பார்த்தீர்களா? ஒரு குழு இன்னொரு குழுவிடமிருந்து ஒரு பையனை விலைக்கு வாங்கியிருக்கிறது. அந்த விலைக்கு எங்கள் பழைய எஸ்டேட்டையே வாங்கியிருக்கலாமாம். காதர் சொல்கிறான். எங்கே வாங்குவது? அதைத்தான் எப்போதோ விற்று வீடு கட்டிவிட்டார்களே. அப்போது எங்களையும் சேர்த்து யாராவது விலை கேட்டிருந்தால் நானும் ஒரு பெரிய குழுவில் இருந்திருப்பேன்.

அப்புறம் அந்த வீடியோ சோதனை. கோல் விழுகிறது. நாம் கத்துகிறோம். கிளாஸிலிருந்த சூடான தே கொட்டித் தொடை வெந்துபோகிறது. எல்லாம் முடிந்த பிறகு, “பொறுங்கள், கால் கட்டைவிரல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததா என்று பார்க்கிறோம்” என்கிறார்கள். கோலை வாபஸ் வாங்கலாம். என் தொடையை?

ஆனாலும் காற்பந்து காற்பந்துதான். கூடைப்பந்து இருக்கிறதே... அதை நான் விளையாட்டிலேயே சேர்ப்பதில்லை. இந்தப் பக்கம் ஒன்று போடுகிறான், அந்தப் பக்கம் ஒன்று போடுகிறான். கண்ணைச் சிமிட்டினால் நாலு கோல். கோல் என்றால் தீபாவளி மாதிரி அருமையாக வரவேண்டாமா? தினமும் தீபாவளி என்றால் முறுக்கு யார் சுடுவது? அதுவும் கூடைக்கு அடிப்பாகமே இல்லை. பசாரில் அப்படி ஒரு கூடையை விற்றுப் பாருங்கள், என்ன கிடைக்கிறது என்று.

அமெரிக்காவில் அந்த ஆட்டக்காரர்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமலேயே ஓய்வு என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்களாம். சும்மா, களைப்பு வரக்கூடாதே என்று. இதுவும் செய்தி. விடியும் முன்னே எஸ்டேட் பிரட்டில் வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடும்போது, “ஐயா, களைப்பு வந்துவிடும்போல் இருக்கிறது, இன்று ஓய்வு” என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அப்போது தோன்றாமல் போயிற்று.

இப்படிப்பட்ட கூடைப்பந்தால்தான் குணா வீட்டில் இரண்டு மாதம் சண்டை நடந்தது.

குணா தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். அவன் அம்மாவும் நானும் ஒரே லயத்தில் இருந்தவர்கள். அதனால் அவனுக்கு நான் சின்னம்மா. அவன் சொல்லிச் சொல்லி, இப்போது நாங்கள் குடியிருக்கும் தாமானுக்கே சின்னம்மா. சனிக்கிழமை லோரியை நிறுத்திவிட்டால் நேரே காதர் கடைக்கு வந்து, டிவிக்கு நேர் எதிரே உட்காருவான். எனக்குப் பக்கத்து நாற்காலி.

அவனுக்கு ஒரே பெண். தர்ஷினி. படிவம் மூன்று படிக்கிறாள், பதினைந்து வயது. அப்பனைவிட உயரம். அந்தப் பிள்ளை கூடைப்பந்து ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் லிம் டீச்சர் விடவில்லை. கோலாலம்பூர் பக்கம் ஒரு விளையாட்டுப் பள்ளியில் ஆள் எடுக்கிறார்கள். முதலில் ஒரு முகாம். தேறினால் அங்கேயே ஹாஸ்டல், அங்கேயே படிப்பு. தர்ஷினியின் அம்மா வசந்தி கேட்ட அன்றைக்கே தலையாட்டிவிட்டாள். குணாதான் முடியாது என்று நின்றான்.

ஏன் என்று கேட்டால், குதித்துக் குதித்து இன்னும் வளர்ந்துவிடுவாளாம். ஆறடிப் பெண்ணுக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்கிறான். வருகிற மாப்பிள்ளைக்கு ஓர் ஏணி வாங்கிக் கொடு என்றேன். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் சீண்டிக்கொண்டிருந்தேன். முகாமுக்குப் பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். வீட்டில் பிள்ளை அப்பனோடு பேச்சை நிறுத்திவிட்டது. கேட்டால் தலையை ஆட்டும், அவ்வளவுதான். அதையும் அவன்தான் சொன்னான். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. தேயை ஆற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் ஒரு வார்த்தை சொன்னான்.

“போன பிள்ளைங்க எது சின்னம்மா திரும்பி வந்திருக்கு?”

எனக்கும் ஒரு மகன் ஜோகூரில் இருக்கிறான். தீபாவளிக்கு வருவான். வராத வருஷம், சாப்பிட்ட இலையைப் படம் பிடித்து அனுப்புவான்.

நல்லவேளை, விசில் ஊதிவிட்டார்கள்.

இப்போது கோலுக்கு வருவோம்.

நான் குழாயடியில் நிற்கிறேன். கூச்சல் கேட்டுத் திரும்புகிறேன். நாற்காலிகளெல்லாம் பின்னால் தள்ளிக் கிடக்கின்றன. ஆண்களின் முதுகுதான் தெரிகிறது, டிவி தெரியவில்லை. குணாவின் தோளுக்குப் பின்னால் லிம் டீச்சர் குனிந்து நிற்கிறார். கையில் பொட்டலம் கட்டிய ரொட்டி. ஏதோ கேட்கிறார் போலிருந்தது. எனக்கு அதுவா முக்கியம்? கோல் யாருடையது என்று தெரியவேண்டும். அங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

“என்னடா ஆச்சு, குணா?”

அவன் திரும்பவில்லை. கண் டிவியில். கையை மட்டும் மேலே தூக்கினான்.

“செரி!”

மலாயில் செரி என்றால் ஆட்டம் சமம். ஒன்றுக்கு ஒன்று. கொண்டைக்காரன் போட்டுவிட்டான் என்று புரிந்தது. நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தேன். லிம் டீச்சர் முகமெல்லாம் சிரிப்பாக அவன் தோளைத் தட்டி, தெரிமா காசே பாங், நன்றி அண்ணே என்று மலாயில் சொல்லிவிட்டு, அவசரமாகக் காருக்குப் போனார். அடடே, இந்த டீச்சரும் நம்ம சிவப்புச் சட்டை போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். குணா அவரைக் கவனிக்கவே இல்லை.

டீச்சர் என்ன கேட்டிருந்தார் என்பது ஆட்டம் முடிகிற நேரத்தில்தான் தெரிந்தது.

சிவப்புச் சட்டை இரண்டாவது கோலையும் போட்டு, விசில் ஊதி, எல்லோரும் சந்தோஷத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தோம். தர்ஷினி கடைக்குள் ஓடிவந்தாள். செருப்பு இரண்டு காலிலும் இரண்டு விதம். நேரே வந்து அப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா... டீச்சர் பேரு குடுத்துட்டாங்களாம். நீங்க செரி சொல்லிட்டீங்களாமே.”

குணாவுக்கு முதலில் விளங்கவில்லை. “நான் எங்கமா சொன்னேன்? யார்கிட்ட?” என்றான்.

“டீச்சர் வந்து கேட்டாங்களாமே, தர்ஷினி போலாமான்னு. நீங்க கைய தூக்கி செரின்னீங்களாம். தமிழ்லயே சொன்னீங்களாம். அவங்களுக்கு அவ்வளோ சந்தோஷம்.”

லிம் டீச்சருக்கு வருஷக்கணக்காக நம் பிள்ளைகளோடு பழக்கம். அவருக்குத் தெரிந்த தமிழே நாலு சொல்தான். வா, போ, சாப்பிட்டியா... நாலாவது, நாம் சரி என்பதற்குச் சொல்கிற செரி.

பார்த்தீர்களா? மலாய்ச் சொல்லைத் தமிழன் சொல்லி, அதைத் தமிழ் என்று ஒரு சீனத்தி கேட்டு... இந்தப் பிழையை வேறு நாட்டில் போய்ச் செய்துவிடுங்கள் பார்ப்போம். மூன்று இனமும் ஒரே கடையில் ரொட்டி தின்றால்தான் நடக்கும்.

குணாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. அவனுக்கு விளங்கிவிட்டது. சுற்றிப் பார்த்தான். முதலில் கல்லாவில் இருந்த காதரைக் கேட்டான், நீ கேட்டாயா, நான் என்ன சொன்னேன் என்று. ஆறு பாஷையில் ஆர்டர் எடுத்து ஆறு பாஷையில் ஏமாற்றத் தெரிந்தவன் காதர். தனக்குத் தமிழும் வராது, மலாயும் வராது என்று சொல்லிவிட்டுக் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம் குணா என்னைப் பார்த்தான்.

“சின்னம்மா, நீங்கதானே கேட்டீங்க? நான் பந்து செரின்னுதானே சொன்னேன்? சொல்லுங்க பிள்ளைகிட்ட.”

டிவி என்றால் ஆறு பக்கமிருந்தும் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள். காதர் கடையிலும் ஒரு கேமரா உண்டு. அது கல்லாப் பெட்டியை மட்டும்தான் பார்க்கும். ஆக, அந்த ஒரு சொல் யாருக்குச் சொன்னது என்பதற்கு இந்த உலகத்தில் சாட்சி நான் ஒருத்திதான்.

நான் பொய் சொல்கிறவள் இல்லை. இத்தனை வயதுக்கு அந்தப் பெயரை எடுக்கவில்லை, இனியும் எடுக்கமாட்டேன். ஆமாம்பா, பந்தைத்தான் சொன்னாய் என்றால் முடிந்துவிடும். டீச்சருக்கு ஒரு போன். பெயரை எடுத்துவிடுவார்கள். பிள்ளை வீட்டுக்குப் போகும். எங்கேயும் போகாது. குணா கேட்டது அதைத்தான். அவன் கேட்டது தப்பு என்று என்னால் சொல்லமுடியவில்லை.

ஆனால் அந்தப் பிள்ளையின் கை... இரண்டு மாதம் பேசாமலிருந்த பிள்ளை, அப்பன் கையை இன்னும் விடவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். கை மட்டும் சின்னப் பிள்ளை கை மாதிரி இறுகிக் கிடந்தது.

“ஆமா, நான் கேட்டேன்,” என்றேன். “நீ பந்து செரின்னு சொன்னே. அப்ப ஒன்னுக்கு ஒன்னு. இப்ப பாரு.”

டிவியைக் காட்டினேன். இரண்டுக்கு ஒன்று என்று பெரிய எழுத்தில் நின்றது. அது எனக்கே படிக்க வரும்.

“பந்துல இருந்த செரி போயிருச்சுடா. கடைல மிச்சம் ஒரு செரிதான் இருக்கு. அத என்ன செய்யணும்னு நீயே சொல்லு.”

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிப்புக்காகத்தான் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். சொன்ன பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

குணா நெடுநேரம் தன் கையையே பார்த்தான். பிள்ளையின் கையை விலக்கிவிடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் இன்னொரு கையால் பக்கத்து நாற்காலியை இழுத்தான். என் நாற்காலி அது!

“சாப்பிட்டியாமா?” என்றான். “ரெண்டு செருப்பும் ரெண்டு தினுசா போட்டு வந்திருக்கியே, தடுக்கி விழுந்து காலு கைய ஒடச்சிக்கிட்டா அங்க போய் என்னத்த ஆடுவ? உக்காரு.”

காதர் யாரும் கேட்காமலேயே ஒரு ரொட்டி தட்டச் சொல்லிக் குரல் கொடுத்தான். எல்லாப் பாஷையும் திரும்பி வந்துவிட்டது அவனுக்கு.

நான் நின்றுகொண்டே தே குடித்தேன். அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. கொஞ்சம் இருக்கிறது.

கதை முடிந்தது என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. குணா அப்படி லேசில் விடுகிறவனா? முகாமுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடும் நாள். பள்ளி வாசலில் லிம் டீச்சரைத் தனியாக ஒதுக்கி, உண்மையைச் சொல்லிவிட்டானாம். மனசு உறுத்தியதாம். அன்றைக்கு நான் சொன்னது தமிழ்ச் செரி இல்லை டீச்சர், மலாய் செரி, பந்து சமம் என்று சொன்னேன் என்றானாம். சொன்னால் அவரே வேண்டாம் என்று விடுவார் என்று ஒரு நப்பாசையும் இருந்திருக்கும். அதை அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அப்புறம் சொன்னாராம் — “பாங், கூடைப்பந்தில் செரியே கிடையாது. சமமாக நின்றால் வீட்டுக்கு விடமாட்டோம். ஒருவர் ஜெயிக்கும்வரை நேரம் கொடுத்துக்கொண்டே இருப்போம்.”

இதை அவன் வந்து சொன்னபோது நான் கொஞ்சம் யோசித்தேன். சமமே கிடையாதா? காற்பந்தில் இரண்டு பக்கமும் ஒன்றும் கிழிக்காமல் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுகிறார்களே. தொண்ணூறு நிமிஷம் நம்மை உட்காரவைத்து, பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று அனுப்பிவிடுகிறார்களே. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கூடைப்பந்துக்காரன் நியாயஸ்தன் என்று ஒப்புக்கொள்கிறேன். அடியில்லாத கூடையை இன்னும் மன்னிக்கவில்லை.

தர்ஷினி தேறிவிட்டாள். ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். குணா இப்போது சனிக்கிழமை வந்தால் பேசுவதில்லை. தேயை ஆற்றுவான், ஆற்றுவான், ஆறிப்போனதைக் குடிக்கமாட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுகுணியைத் திட்டுவேன். முன்பெல்லாம் கூடச் சேர்ந்து திட்டுவான். இப்போது நான் தனியாகத் திட்டவேண்டியிருக்கிறது. ஒருவருக்கு நல்லது செய்தால் நமக்கு நட்டம் வரும் என்று இதற்குத்தான் பெரியவர்கள் யாரும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லியிருந்தால் எவன் நல்லது செய்வான்?

போன சனிக்கிழமை வேறு கூத்து. தர்ஷினியின் பள்ளிக் குழுவுக்கு முதல் ஆட்டம். போனில் நேரலையாகக் காட்டுகிறார்கள். குணா காதரைக் கெஞ்சி, போனை எப்படியோ டிவியோடு இணைக்க வைத்துவிட்டான். அதே நேரத்தில் சிவப்புச் சட்டைக்கு முக்கியமான ஆட்டம்! கடை நிறைய ஆள். முணுமுணுப்பு. எனக்கும் வாய் துறுதுறுத்தது. ஆனால் யார் கேட்பது? எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள், நான்தான் செரி சொன்னமாதிரி.

படம் ஆடிக்கொண்டே இருந்தது. யார் பிடித்தார்களோ, ஆட்டத்தைவிடக் கூரைதான் அதிகம் தெரிந்தது. தர்ஷினி ஆடவே இல்லை. புதுப்பிள்ளை அல்லவா, ஓரத்தில் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். படம் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு நொடி தெரிவாள். துண்டு தோளில். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள்.

குணா நாற்காலியில் உட்காரவில்லை. டிவிக்கு முன்னால், எல்லோருக்கும் மறைத்துக்கொண்டு, மூக்கு திரையில் படுகிறமாதிரி நின்றான். பந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கொண்டிருந்தது. அவன் கண் திரையின் ஒரே மூலையில்.

காதருக்கே பொறுக்கவில்லை. அண்ணே, உங்கள் பிள்ளைகள் மானம் போகிற மாதிரி தோற்றுக்கொண்டிருக்கிறார்கள், காற்பந்தையாவது போடட்டுமா என்று கேட்டான்.

குணா திரும்பவில்லை.

“தண்ணி குடிக்கிறா தம்பி,” என்றான். “நல்லா குடிக்கட்டும். பொறு.”